மூன்று கேள்விகளும் ஒரு ஜோடிக் கையுறையும்

இளைய நண்பர்களுக்கு,

இதை நான் நின்றுகொண்டு எழுதுகிறேன். சமையலறை அலமாரியின் மேல்தட்டு என் நெஞ்சு உயரம். அதில் தாளை வைத்து நாலு வரி எழுதுவேன், வாசல் வரை நடப்பேன், திரும்பி வந்து ஐந்தாவது வரி எழுதுவேன். இந்தப் பத்தி முடிவதற்குள் என் வீட்டுக்காரி இரண்டு தடவை உட்காரச் சொல்லிவிட்டாள். தொலைக்காட்சியில் பந்தாட்டம் பார்த்தாலும் இதே கதைதான். யாராவது விழுந்தால் எழுந்துவிடுவேன். விழுந்தவன் எழுந்து ஓடிப் போன பிறகும் எனக்கு உட்காரத் தோன்றாது.

நீங்கள் மருந்துப் பையோடு திடல் ஓரத்தில் நிற்கிறவர்கள். பந்தாட்டக்காரர்களையும் குத்துச்சண்டைக்காரர்களையும் காயம்படாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. கட்டுப் போடுவதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அதை உங்களுக்குப் படித்தவர்கள் சொல்லித் தந்திருப்பார்கள், என்னைவிட நன்றாகவே போடுவீர்கள். குருபோங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவனுக்குத் தலைக்கவசம் தருகிறார்கள், இயந்திரத்துக்குக் கம்பி வலை போடுகிறார்கள். குத்துச்சண்டைக்காரனுக்கு அவன் உடம்பே இயந்திரம். ஊருக்கு அது விளையாட்டு, அவனுக்கு அது வேலை. இதை மறந்தால் நீங்கள் அவனுக்கு எந்த உதவியும் செய்ய முடியாது. நான் ஒரு தடவை மறந்தேன்.

ஜப்பான்காரன் காலம். நான் ரப்பர் தோட்டத்தில் டிரஸ்ஸராக, கட்டுப் போட்டு மருந்து கொடுக்கிறவனாக இருந்தவன். துரை ஓடிப்போனார், தோட்டத்து மருந்துக்கொட்டகையை மூடிவிட்டார்கள். நான் மலாக்கா டவுனுக்கு வந்து காஜா பெராங்கில் ஒரு வீட்டின் பின்னறையில் ஒண்டிக்கொண்டேன். வீடு காத்தமுத்துவுடையது. காத்தமுத்து குத்துச்சண்டைக்காரன், என்னைவிட நாலைந்து வயது சின்னவன். தோள் அகலமான ஆள், பேச்சு கொஞ்சம். அவன் மனைவி பாக்கியம் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவாள்.

டவுனில் ஒரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. நாங்கள் 'பார்க்' என்போம். அங்கே கயிறு கட்டிய மேடையில் வாரம் ஒரு நாள் சாயங்கால வெயிலில் குத்துச்சண்டை நடக்கும். நடத்தியவர் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம். காத்தமுத்து சொல்லி அவர் என்னை மூலை ஆளாக வைத்துக்கொண்டார். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் முக்காலியைப் போட்டு, முகத்தைத் துடைத்து, காயம் பார்த்து, ஆட்டத்துக்குத் திரும்ப அனுப்பலாமா கூடாதா என்று சொல்வது என் பொறுப்பு. மருந்து என்று பார்த்தால் உப்புத்தண்ணீர், தேங்காய் எண்ணெய், துவைத்துத் துவைத்து நூலாகிப் போன கட்டுத்துணி, ஒரு கத்தரிக்கோல். அவ்வளவுதான்.

எனக்கு எதிராளியின் கையைவிடத் தரையைப் பற்றித்தான் பயம். மேடைப் பலகைக்கு மேல் முன்பு சாக்கு மெத்தை இருந்தது. துணிப் பஞ்சம் வந்து ஊரே சாக்கை உடுத்த ஆரம்பித்ததும் அந்த மெத்தை யார் யார் இடுப்புக்கோ போய்விட்டது. மிஞ்சியது பலகையும் அதன்மேல் ஒரு கித்தானும். குத்து வாங்கி விழுகிறவன் தலை அதில் மோதும் சத்தம் கடைசி வரிசைக்குக் கேட்கும். தவுக்கேயிடம் மூன்று தடவை சொன்னேன். வைக்கோலாவது பரப்பலாமே என்றேன். வைக்கோலை மாட்டுக்குப் போட்டாலாவது மாடு பிழைக்கும் என்றார். அவரைத் திட்டிப் பயனில்லை, அவர் பாடும் அப்படித்தான்.

இனி பட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்க்கில் வேலை செய்கிற எங்களுக்கு ஜப்பான் எழுத்து முத்திரை குத்திய துணிப்பட்டை கொடுத்திருந்தார்கள். கையில் கட்டிக்கொள்ள வேண்டும். சயாமில் ரயில் பாதை போடத் தெருவில் அகப்பட்ட தமிழனையெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு போன காலம் அது. பட்டை கட்டியவனை விட்டுவிடுவார்கள். போனவர்களில் திரும்பி வந்தவர்களை நாங்கள் அதுவரை பார்க்கவில்லை. ஆனால் பட்டைக்கு ஒரு நிபந்தனை. அடுத்தடுத்து இரண்டு ஆட்டத்துக்கு வராதவன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். காரணம் கேட்க மாட்டார்கள். அந்த ஊரில் ஒரு சண்டைக்காரனுக்கும் தலைவலி வந்ததில்லை, ஒருவனுக்கும் விலா வலித்ததில்லை. ஏன் என்று இப்போது உங்களுக்குப் புரியும். எனக்கு அப்போது புரியவில்லை. உரமான ஆட்கள் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

தலையில் அடி வாங்கி வந்தவனிடம் நான் மூன்று கேள்வி கேட்பேன். உன் பேர் என்ன? இது எந்த இடம்? அப்புறம் என் விரல்களை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டுவேன், அவன் எண்ண வேண்டும். எண்ணுவது ஜப்பான் மொழியில். காலையில் தெருவில் வரிசையாக நிற்க வைத்து எண்ணச் சொல்லி அடித்துப் பழக்கியிருந்தார்கள், அதனால் ஊரே அப்படித்தான் எண்ணியது. இச்சி, நீ, சான், சி, கோ. மூன்றுக்கும் சரியாகச் சொன்னால் முதுகில் தட்டி அனுப்புவேன். இந்த முறையை நானே கண்டுபிடித்தேன் என்று எனக்குள் ஒரு கர்வம் வேறு.

ஒரு ஆட்டத்தில் மூன்றாவது சுற்றில் காத்தமுத்து விழுந்தான். பின்மண்டை பலகையில் மோதியது. எண்ணி முடிப்பதற்குள் எழுந்துவிட்டான், மணியும் அடித்தது. முக்காலியில் உட்கார வைத்துக் கேட்டேன். காத்தமுத்து என்றான். மலாக்கா பார்க் என்றான். விரலை நீட்டினேன், ஐந்தும் தடங்கலில்லாமல் வந்தது. முதுகில் தட்டினேன். இன்னும் இரண்டு சுற்று ஆடினான், ஆடி ஜெயித்தும்விட்டான். தவுக்கே அவனுக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தார்.

இருவரும் வீட்டுக்கு நடந்தோம். நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். காஜா பெராங்குக்குத் திரும்புகிற இடத்தில் அவன் திரும்பாமல் நேராகப் போனான். எங்கே போகிறாய் என்றேன். வீட்டுக்குத்தான் என்றான். நேராகப் போனால் புக்கிட் பாரு, அந்தப் பக்கம் அவன் குடியிருந்தது கல்யாணத்துக்கு முன்னால். நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவன் என் முகத்தைப் பார்த்து நிதானமாகக் கேட்டான்.

"அண்ணே, இன்னிக்கு எனக்கு ஆட்டம் இருக்கா? யாரு கூட?"

மூன்றாவது சுற்றுக்குப் பிறகு அவன் அங்கே இல்லவே இல்லை. நின்றதும் அடித்ததும் ஜெயித்ததும் உடம்பு மட்டும். அந்த உடம்பை முதுகில் தட்டி அனுப்பியவன் நான்.

வீட்டில் அவனைப் படுக்க வைத்துவிட்டு பாக்கியத்திடம் நடந்ததைச் சொன்னேன். மூன்று கேள்விக்கும் பிசகாமல் பதில் சொன்னானே, எப்படி என்று புலம்பினேன். அவள் மரவள்ளிக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"அது தெனமும் கேணியடியில ஒப்பிக்கிறதுதானே, அண்ணே. நான் கேப்பேன், அவரு சொல்வாரு. தூக்கத்துல கேட்டாலும் வரணும்னு பழகிக்கிட்டாரு. எதுக்க நிக்கிறவனுக்குக்கூட அவரு பயப்படல. ஒங்களுக்குத்தான் பயம். நீங்க நிறுத்தி ஓய்வுல வச்சிட்டா பட்டை போயிருமே."

எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல் என்று நினைத்தேன். வாசலுக்கும் கேணிக்கும் நடந்து நடந்து ஓய்ந்த பிறகுதான் அது என் மேல் என்று தெரிந்தது. நான் ஒரே கேள்வியை ஒரே வரிசையில் கேட்டேன், அவன் பாடம் பண்ணிக்கொண்டான். அவனிடம் குற்றமே இல்லை. பிழைக்க வேண்டிய எவனும் அதைத்தான் செய்வான். காயத்தைச் சொன்னால் வேலை போகும் என்கிற இடத்தில் காயம் வெளியே வராது. நீங்கள் எத்தனை கேள்வி கேட்டாலும் சரி.

மறுநாள் அவனுக்குத் தலை தெளிந்தது, ஆனால் வெயிலைப் பார்க்கக் கண் கூசியது. குறைந்தது ஒரு மாதம் ஓய்வு வேண்டும் என்று எனக்குத் தெரியும். தவுக்கேயிடம் போனேன். ஜெயித்த ஆளுக்கு என்ன நோய் என்று அவர் கேட்டார். அடுத்த வாரம் ஒரு ஜப்பான் அதிகாரி ஆட்டம் பார்க்க வருகிறார், காத்தமுத்து பெயரைச் சொல்லியே கேட்டிருக்கிறார் என்றார். சொல்லும்போது அவர் கண் என்னைப் பார்க்கவில்லை. காத்தமுத்துவோ, தவுக்கேயிடம் போனதற்காக என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

எதிராளி ஒரு மணிலாக்காரன். யுத்தம் தொடங்கியபோது ஊர் திரும்ப முடியாமல் இங்கே மாட்டிக்கொண்டவன். அவனைத் தேடிப் போய், தலையில் அடிக்காமல் ஆடு என்று மலாயில் கெஞ்சினேன். அவன் தன் கையில் இருந்த பட்டையைத் தொட்டுக் காட்டினான். நடிப்பு என்று அதிகாரி கண்டுபிடித்தால் இரண்டு பேரும் சயாமுக்குப் போவோம் என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான். என்னால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று. கேள்வியை மாற்றுவது.

ஆட்டத்தன்று மத்தியானம் காத்தமுத்துவும் நானும் நடந்து போனோம். காஜா பெராங் முனையில் ஒரு மாட்டுவண்டி சக்கரம் கழன்று சாய்ந்து கிடந்தது. சாலையெல்லாம் கரி மூட்டை. வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல அவன் தோளைக் கொடுத்து வண்டியைத் தூக்கி நிறுத்தினான். முழங்கை வரை கரியோடு வந்து சேர்ந்தான். பார்க் குழாயடியில் நான்தான் கழுவிவிட்டேன்.

முன்வரிசையில் அதிகாரி உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளன். முதல் மூன்று சுற்று நன்றாகவே போனது. காத்தமுத்து ஓடி ஓடி ஆடினான். எனக்குக் கால் நிலைகொள்ளவில்லை, மூலைக்கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நான்காவது சுற்றில் நெற்றிப்பொட்டில் ஒன்று விழுந்தது. பெரிய குத்தில்லை. போன வாரமாக இருந்தால் தலையை உதறிவிட்டுப் போயிருப்பான். இப்போது ஒரு முழங்காலில் உட்கார்ந்து எழுந்தான். மணி அடித்தது.

முக்காலியைப் போட்டேன். காலையில் என்ன பசியாறினாய் என்று கேட்டேன். கிழங்கு என்றான். எனக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு உடனே நின்றது. கிழங்கைத் தவிர அன்று மலாக்காவில் யார் என்ன பசியாறினார்கள்? நேற்றும் கிழங்கு, நாளைக்கும் கிழங்கு. எவ்வளவு பெரிய மடையன் நான்.

அவன் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

"வரும்போது வழியில எதைத் தூக்கினே?"

அவன் என்னைப் பார்த்தான். கண் என் மேல்தான் இருந்தது. உதடு அசைந்தது. பிறகு, நான் கேட்காத கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தான்.

"காத்தமுத்து. மலாக்கா பார்க். இச்சி, நீ, சான், சி, கோ."

துண்டை மேடை நடுவில் எறிந்தேன். கூட்டம் கத்தியது. அதிகாரி கையை உயர்த்தினார், கூட்டம் அடங்கியது. மொழிபெயர்ப்பாளன் ஓடி வந்து ஏன் நிறுத்தினாய் என்றான். தலையில் அடி, நினைவு இல்லை என்றேன். அதை அவன் போய்ச் சொன்னதும் அதிகாரியே எழுந்து எங்கள் மூலைக்கு வந்தார். காத்தமுத்துவைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டார். தெருவில் எண்ணச் சொல்லும்போது போடுகிற அதே அதட்டல். காத்தமுத்து விறைத்து எழுந்தான். இடுப்பு வரை குனிந்து வணங்கினான். ஒன்றிலிருந்து பத்து வரை ஒரு பிசகில்லாமல் எண்ணி முடித்தான்.

அதிகாரி சிரித்தார். என்னை ஏமாற்றிய அதே பாடம் அவரையும் ஏமாற்றிவிட்டது. ஆட்டம் நடக்கட்டும் என்று கையைக் காட்டிவிட்டு இருக்கைக்குத் திரும்பினார். தவுக்கேயின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. மணிக்காரன் சுத்தியலை எடுத்துவிட்டான்.

அந்த நேரத்தில் என்ன யோசித்தாய் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஒன்றும் யோசிக்கவில்லை. கை என்ன செய்தது என்று மட்டும் சொல்கிறேன். கத்தரிக்கோலை எடுத்து அவன் வலது கையுறையின் மணிக்கட்டில் விட்டு, கயிற்றையும் தோலையும் சேர்த்து உள்ளங்கை வரை வெட்டினேன். இலவம்பஞ்சு வெளியே வந்தது. இடது கையையும் பிடித்து வெட்டினேன். காத்தமுத்து கையை நீட்டிக்கொண்டிருந்தான். எங்களிடம் இருந்ததே இரண்டு ஜோடிக் கையுறை. தோலுக்கும் நூலுக்கும் ஊரில் எங்கே போவது? எதிர் மூலையில் மணிலாக்காரன் இதைப் பார்த்தான். முக்காலியில் உட்கார்ந்து, தன் கையுறைக் கயிற்றைப் பல்லால் அவிழ்க்க ஆரம்பித்தான்.

கயிறு மட்கிப் போயிருந்தது, என் கவனக்குறைவு என்று மொழிபெயர்ப்பாளனிடம் சொன்னேன். கையில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு சொன்ன பொய். அதிகாரி மறுபடி வந்தார். எத்தனை அறை என்று நினைவில்லை, இடது காது இன்றுவரை பாதிதான் கேட்கிறது. என் பட்டையை அவரே அறுத்து எடுத்தார். தவுக்கே அங்கே ஒரு நல்ல காரியம் செய்தார், அதைச் சொல்லாவிட்டால் பாவம். தலை குனிந்தபடியே, இதில் சண்டைக்காரர்கள் மேல் பிழை இல்லை, பிழையெல்லாம் டிரஸ்ஸருடையது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் ஆமாம் ஆமாம் என்றேன்.

பட்டை இல்லாமல் டவுனில் இருக்க முடியாது. அன்றே கிளேபாங்குக்குப் போய், கடற்கரையில் உப்புக் காய்ச்சுகிறவர்களோடு சேர்ந்துகொண்டேன். லாரிச் சத்தம் கேட்டால் கடலில் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நிற்பேன். ஜப்பான்காரன் போகும் வரை அப்படித்தான்.

பாக்கியம் ஒரு தடவை கிளேபாங் வந்து விஷயம் சொன்னாள். தோல் கிடைத்துக் கையுறை தைக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டதாம். ஆட்டமே நடக்காததால் ஆட்டத்துக்கு வராதவன் என்று யாரும் இல்லை. ஒருவர் பட்டையும் போகவில்லை. காத்தமுத்து பார்க்கில் வேலிக்குச் சாயம் அடித்துக்கொண்டு, நன்றாகத் தூங்கிக்கொண்டு இருந்தானாம். அவனுக்கு வேண்டியிருந்த ஓய்வு அவனுக்கு மட்டுமில்லை, மணிலாக்காரனுக்கும் மற்ற எல்லாருக்கும் கிடைத்தது. இதை நான் திட்டம் போட்டுச் செய்தேன் என்று சொன்னால் பொய். ஆனால் அன்று தற்செயலாகத் தெரிந்துகொண்டதைப் பின்னால் முப்பது வருடம் திட்டம் போட்டுச் செய்தேன். ஆளை நிறுத்தினால் அவன் தனியாக மாட்டிக்கொள்வான், உங்களிடமிருந்து ஒளிப்பான். வேலையை நிறுத்துங்கள். திடல் சரியில்லை, விளக்கு சரியில்லை, தரை சரியில்லை என்று சொல்லுங்கள். பழி உங்கள் தலையில் விழட்டும். உங்கள் தலையைப் பலகையில் யாரும் மோதப் போவதில்லை.

நீங்கள் நன்றியை எதிர்பார்ப்பவர்களாக இருந்தால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். காத்தமுத்து என்னை மன்னிக்கவேயில்லை. தான் ஜெயித்துக்கொண்டிருந்ததாகவும், இந்த டிரஸ்ஸர் மட்கிய கயிற்றைக் கட்டித் தன் பெரிய ஆட்டத்தைக் கெடுத்துவிட்டதாகவும் காஜா பெராங் கோப்பிக் கடையில் எல்லாரிடமும் சொல்வான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்வான். நான் திருத்தியதில்லை. திட்டுவதற்கு அவனுக்கு ஞாபகம் இருக்கிறதே என்று சந்தோஷமாகக்கூட இருக்கும்.

போன மாதம் அந்தக் கடையில் இருந்தோம். கோப்பிக் கோப்பையைத் தூக்கினான். வலது கை நடுங்கிச் சட்டையில் சிந்தியது. சில வருடமாகவே நடுங்குகிறது. வயசாயிருச்சு என்கிறான். இரண்டாவது ஆட்டத்தில் நான் செய்ததைப் பாராட்டித்தான் நீங்கள் எழுதச் சொன்னீர்கள். எனக்கு அந்த ஆட்டம் நினைவுக்கு வருவதில்லை. வருவதெல்லாம் முதல் ஆட்டம். முதுகில் தட்டி நான் அனுப்பிவைத்த அந்த இரண்டு சுற்று. இந்த நடுக்கம் அங்கிருந்து வந்ததா, வயசிலிருந்து வந்ததா என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

மனசு கேட்காமல் அன்று அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்டேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. மணிலாக்காரனோடு அந்த ஆட்டத்துக்குப் போகும்போது வழியில் எதையோ தூக்கினாயே, என்ன அது?

கோப்பையைக் கீழே வைத்து நெடுநேரம் யோசித்தான். எதையும் தூக்கவில்லையே என்றான். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, நடுங்கும் கையின் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டினான்.

"ஆனா இதுல என்னை மடக்க முடியாது, அண்ணே. காத்தமுத்து. மலாக்கா பார்க். இச்சி, நீ, சான், சி, கோ."

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் எழுந்துவிட்டேன். கோப்பி பாதியில் இருந்தது.